முத்திரையில் இல்லாத பெயர்கள்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே விருந்துக்குப் போனாலும் சாப்பிடும் முன் தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் எந்தக் கம்பெனியின் முத்திரை இருக்கிறது, அது தங்கள் ஊரில் செய்ததுதானா என்று தெரிந்தாக வேண்டும். இந்தப் பழக்கம் உள்ளவர்களைத் ‘திருப்பிப் பார்ப்போர் சங்கம்’ என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆறு சிறு நகரங்கள் சேர்ந்து உருவான அந்த ஊரில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கான்தான் பிழைப்பு. வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன், பர்லி என்று உலகம் அறிந்த பெயர்கள் பிறந்தது அங்கேதான்.

இந்தப் பெயர்களுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. ஸ்போட் கம்பெனி 1816இல் கொண்டுவந்த ‘புளூ இத்தாலியன்’ என்ற நீலச் சித்திர வகை இப்போதும் விற்பனையில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் செட்டில் ஒரு சாஸர் உடைந்தால், கொள்ளுப்பேத்தி கடைக்குப் போய் அதே சித்திரம் போட்ட இன்னொன்றை வாங்கிச் சேர்த்துவிடலாம். மேசன் கேஷ் கம்பெனியின் மாவு பிசையும் கிண்ணத்தைப் பாருங்கள். அதன் வெளிப்புறத்தில் உள்ள புடைப்பு வேலைப்பாடு அழகுக்கு மட்டுமில்லை; ஈரக்கையோடு பிசையும்போது கிண்ணம் நழுவாமல் பிடிமானம் கொடுக்கும். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கார்னிஷ்வேர் ஜாடிகள் நூறு ஆண்டுகளாகச் சமையலறை அலமாரிகளில் நிற்கின்றன.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் தட்டுகளின் காலத்தில், மூன்று தலைமுறைக்கு நிற்கும் ஒரு கிண்ணத்தின் மேல் ஆசை வருவதில் தவறு ஒன்றும் இல்லை. “பாத்திரத்துக்குப் போய் இவ்வளவு மோகமா?” என்று பெண்களைக் கேலி செய்பவர்கள், பழைய கார்களையும் கைக்கடிகாரங்களையும் சேகரிக்கும் ஆண்களை ரசனைக்காரர்கள் என்று சொல்வதையும் கவனித்திருப்போம். எனவே அந்தக் கேலியை இங்கே ஒதுக்கி வைத்துவிடலாம். நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு பழைய தட்டை நேசிக்கும்போது நாம் எதை நேசிக்கிறோம்? பொருளையா, அதைச் செய்த கையையா, அடியில் இருக்கும் பெயரையா? மூன்றும் ஒன்று என்று நம்ப வைப்பதில்தான் பாரம்பரிய பிராண்டுகளின் வியாபாரமே இருக்கிறது. உண்மையில் மூன்றும் வேறு வேறு.

முதலில் செய்த கைகளைப் பார்ப்போம்.

ஜோசையா வெட்ஜ்வுட் 1759இல் பர்ஸ்லெம்மில் சொந்தத் தொழில் தொடங்கினார். 1764இல் உறவுக்காரப் பெண்ணான சாராவை மணந்தார். வசதியான வியாபாரியின் மகளான சாரா பெரிய சீதனத்தோடு வந்தார். மனைவியின் சொத்தும் வருமானமும் கணவனுக்கே சேரும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882இல்தான் வந்தது. சாரா பணத்தை மட்டும் கொண்டு வரவில்லை. களிமண் கலவை, மெருகுப் பூச்சு பற்றிய சோதனைகளை மற்றவர்கள் திருடிவிடாமல் இருக்க ஜோசையா ரகசியக் குறியீட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறியீட்டைக் கற்றுக்கொண்டு சோதனைகளில் சாரா உதவினார். அவர் பார்த்துச் சரி சொல்லாமல் முக்கியமான எந்தப் பாத்திரமும் முடிவாவதில்லை என்று ஜோசையாவே தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் முத்திரையில் இருந்த வெட்ஜ்வுட் சாரா அல்ல. அந்த வியாபாரத்தில் விளம்பரமாகப் பயன்பட்ட பெண் பெயர் வேறொன்று. சார்லட் ராணி ஒரு டீ செட் வாங்கியதும் அந்த வெளிர்மஞ்சள் பாத்திர வகைக்கு ‘ராணியின் பாத்திரம்’ என்று பெயர் வைத்தார்கள். வாங்கிய பெண்ணுக்குக் கிடைத்த பெருமை செய்ய உதவிய பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தட்டுகளில் பூவும் கொடியும் பொன்விளிம்பும் வரைந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு அந்த ஊரில் ‘பெயின்ட்ரஸ்’ என்று தனிப்பெயரே இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வேலைக்கு வந்துவிடுவார்கள். நுணுக்கமான வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ள ஒரு சிறு கைத்தாங்கி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பீங்கான் தொழிற்சாலைகளில் ஆண் ஓவியர்கள் சங்கமாகச் சேர்ந்து, பெண்கள் இந்தக் கைத்தாங்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தார்கள். தாங்கி இருந்தால் பெண்களும் உயர்ந்த வகை வேலையைச் செய்துவிடுவார்கள், ஆண்களின் கூலிக்குப் போட்டி வந்துவிடும் என்ற பயம். பிறகு அதே ஆட்கள், நுணுக்கமான ஓவியத்துக்குப் பெண்களின் கை சரிப்படாது என்று சொல்லியிருப்பார்கள். திறமை இல்லை என்று சொல்லப்படும் இடங்களிலெல்லாம் பிடுங்கப்பட்ட ஒரு கைத்தாங்கி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

கூலி முறையும் கொடியது. ‘சூளையிலிருந்து நல்லதாக வந்தால்’ என்பது அங்கே நெடுங்காலம் இருந்த வழக்கம். சூளையை விட்டு முழுசாக வெளியே வந்த பாத்திரத்துக்குத்தான் கூலி. சூடு அதிகமாகிக் கோணினாலும், வேறொருவர் கவனக்குறைவில் உடைந்தாலும், முதலில் அதைச் செய்தவருக்குக் காசு கிடையாது.

இதைவிடக் கொடியது ஈயம். தட்டுக்குப் பளபளப்பு தரும் மெருகுப் பூச்சில் ஈயம் இருந்தது. பாத்திரங்களை அதில் முக்கி எடுப்பது, காய்ந்த பிறகு வழிந்ததைச் சுரண்டிச் சரிசெய்வது போன்ற வேலைகளில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். மணிக்கட்டு தொய்ந்து போவது, வலிப்பு, பார்வை போவது, கருச்சிதைவு, குழந்தை இறந்தே பிறப்பது எல்லாம் நடந்தன. பிரிட்டனில் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் 1893இல்தான் முதன்முதலாக நியமிக்கப்பட்டார்கள். ஈய நஞ்சு அவர்கள் கவனித்த முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று. அப்போது எழுந்த வாதம் இன்றைக்கும் நமக்குப் பழக்கமானது. ஆபத்து என்றால் பெண்களை அந்த வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்றது ஒரு தரப்பு. பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கெர்ட்ரூட் டக்வெல் போன்றவர்களோ ஈயம் இல்லாத மெருகைக் கொண்டு வரச் சொல்லிப் போராடினார்கள். நீக்க வேண்டியது பெண்ணையா, ஈயத்தையா? பச்சை ஈய மெருகு பிரிட்டிஷ் பீங்கான் தொழிலில் சட்டப்படி முற்றிலும் ஒழிய 1947 ஆயிற்று. பழைய தட்டின் பளபளப்பைப் புகழும்போது இந்த ஆண்டும் நம் நினைவில் இருக்க வேண்டும்.

இந்த இருட்டில் சில பெயர்கள் வெளியே வந்ததும் உண்டு. டன்ஸ்டாலில் 1899இல் பிறந்த கிளாரிஸ் கிளிஃப் பதின்மூன்று வயதில் பொன்விளிம்பு வரையும் வேலைக்குப் போனவர். 1927இல் ‘பிஸார்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஆரஞ்சும் மஞ்சளும் கறுப்புமாகத் துணிச்சலான கோலங்கள். தட்டின் அடியில் அவருடைய முழுப்பெயர் இருந்தது. தொழிலாளிப் பெண் ஒருத்தியின் பெயர் முத்திரையானது பெரிய மாற்றம்தான். ஆனாலும் அந்தத் தட்டுகளை வரைந்தவர்கள் சுமார் 70 பேர் கொண்ட இளம் பெண்களின் குழு. அவர்கள் பெயர் எங்கே? பல தொழிற்சாலைகளில் பெயின்ட்ரஸ்கள் தட்டின் அடியில் ஒரு சிறு கோடோ புள்ளியோ எழுத்தோ போடுவது வழக்கம். எத்தனை தட்டு முடித்தாள் என்று கணக்குப் பார்க்கவும், பிழை இருந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கவும் அது பயன்பட்டது. முதலாளியின் முத்திரை பெருமைக்கு, பெண்ணின் புள்ளி கணக்குக்கு.

பீங்கான் உடையும் பொருள். அப்படியிருக்க, அது எப்படிப் பாரம்பரியமாயிற்று என்று யோசித்திருக்கிறோமா? செய்தவர்களின் கையை விட்டு அந்தத் தட்டு வீடுகளுக்குள் போன பிறகு நடந்த கதை அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு தட்டு இன்று முழுசாக நம் கைக்கு வருகிறது என்றால், அதைப் பல்லாயிரம் முறை யாரோ கழுவியிருக்கிறார்கள், துடைத்திருக்கிறார்கள், இடையில் துணி வைத்து அடுக்கியிருக்கிறார்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மேலே வைத்திருக்கிறார்கள். ‘எங்கள் பாத்திரம் தலைமுறைகள் தாண்டி நிற்கும்’ என்று கம்பெனி சொல்லும்போது, அந்தப் பெண்களின் எச்சரிக்கையையும் சேர்த்துத் தன் களிமண்ணின் குணமாகக் காட்டுகிறது. ஒரு பொருளின் நீண்ட ஆயுளில் பாதிக்கு மேல் அதைப் பேணியவர்களின் உழைப்பு. விலைச்சீட்டில் அந்த உழைப்பு ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் ஏறி, கம்பெனியின் கணக்கில் வரவாகிறது.

பேணிய பெண்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெண்கள் செய்த கூலி வேலைகளில் மிகப் பெரியது வீட்டு வேலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். சீமாட்டி விருந்தினருக்கு டீ ஊற்றினாள். வெந்நீரிலும் சோடாக் காரத்திலும் கை வெடிக்க அந்தக் கோப்பையைக் கழுவியவள் பின்கட்டில் இருந்த சிறுமி. சில வீடுகளில் உடைந்த கோப்பையின் விலையை அவள் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்தது பெரும்பாலும் வீட்டு எஜமானி, அதாவது இன்னொரு பெண். ‘பாட்டியின் டீ செட்’ என்று நெகிழும் முன் ஒரு கேள்வி வேண்டும்: யாருடைய பாட்டி? வைத்திருந்த பாட்டியா, கழுவிய பாட்டியா?

தொழிலாளர் வீடுகளிலும் ஒரு நல்ல செட் இருந்தது. கண்ணாடி அலமாரியில் பூட்டி, பாதிரியார் வரும் நாளுக்கும் பண்டிகைக்கும் துக்க வீட்டுக்கும் மட்டும் எடுத்தார்கள். அதைத் தினம் தூசி தட்டியவள் விளிம்பு உடைந்த கோப்பையில் குடித்தாள். தனக்கு அந்த அழகு தகாது என்று அவளை யார் நம்ப வைத்தார்கள்? அழகான பொருளை வைத்திருக்கும் உரிமை கிடைத்த பிறகும் அதை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கே மறுத்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்!

தட்டின் மேலே இருக்கும் சித்திரத்தையும் பார்த்துவிடுவோம். ‘வில்லோ’ என்ற நீலச் சித்திரத்தைச் சீனாவின் பழங்கதை என்று பலர் நம்புகிறார்கள். பணக்காரத் தந்தை மகளைச் சிறை வைக்கிறான்; அவள் தன் காதலனோடு பாலம் கடந்து ஓடுகிறாள்; இறந்து இருவரும் பறவைகள் ஆகிறார்கள். சித்திரம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. கதையும் பிறகு இங்கிலாந்திலேயே கட்டப்பட்டது. சாதியும் அந்தஸ்தும் பார்த்து மகளைக் கொல்லும் அப்பன்களை அறிந்த நமக்கு அந்தக் கதை வெறும் அலங்காரமாகத் தெரியாது. ஒரு பெண்ணின் சிறையைச் சாப்பாட்டுத் தட்டில் போட்டு, இனிய காதல் கதை என்று விற்க முடிந்திருக்கிறது.

அதே மேசையைப் பெண்கள் அரசியலாக்கியதும் நடந்தது. 1791இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை மறுக்கும் இயக்கம் தொடங்கியபோது, மூன்று லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் கையில் இருந்த ஒரே அதிகாரம் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது, அதைப் பயன்படுத்தினார்கள். 1824இல் எலிசபெத் ஹெய்ரிக், படிப்படியாக வேண்டாம், உடனே ஒழியுங்கள் என்று அடிமைமுறைக்கு எதிராக எழுதினார். அந்தக் காலத்துச் சர்க்கரைக் கிண்ணங்கள் சிலவற்றில் ‘அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை’ என்று அச்சிட்டிருப்பதை இன்றும் காணலாம். அந்தப் பெண்களின் அக்கறையில் சந்தேகமில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவிலும் அப்போது அடிமைமுறை இருந்தது. அதன் சட்ட அங்கீகாரத்தை நீக்கியது 1843இல்தான். பிறகு அந்தக் கோப்பைகளில் ஊற்றிய டீயில் இலங்கை மலையகத்தின் பங்கு பெரியது. கொழுந்து பறித்தது தமிழ்நாட்டிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழ்ப் பெண்களின் விரல்கள். நல்ல மனதோடு வாங்கிவிட்டால் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடாது என்பதற்கு அந்தக் கிண்ணத்தைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அதற்காக, எதையும் வாங்கினால் பாவம்தானே, கேள்வி எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. அரைகுறைக் கேள்வியாக இருந்தாலும் அந்தப் பெண்கள் கேட்டார்கள். 1833இல் சட்டம் வந்ததில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு.

இனி அடியில் இருக்கும் பெயர். ராயல் டூல்டன் 2005இல் பர்ஸ்லெம்மின் நைல் தெருத் தொழிற்சாலையை மூடியது. ஸ்போட் 2008இல் நொடித்தது; பெயரையும் சித்திரங்களையும் மறு ஆண்டு போர்ட்மெய்ரியன் வாங்கியது. வெட்ஜ்வுட் குழுமம் 2009 தொடக்கத்தில் திவாலானது. உற்பத்தியில் பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போனது. 2015இல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் அதை வாங்கியது. எல்லாப் பலகையையும் மாற்றிய பிறகும் அது பழைய கப்பல்தானா என்பது தத்துவ வகுப்பின் பழைய கேள்வி. இங்கே மண் மாறியது, ஊர் மாறியது, கை மாறியது, முதலாளி மாறினார். பெயர் மட்டும் மாறவில்லை. ‘1759 முதல்’ என்று விற்கும்போது, தொடர்ந்து வருவது எது?

நம் ஊருக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. பிரெஸ்டீஜ் என்பது பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர். சென்னையின் டிடிகே குழுமம் 1950களின் இறுதியில் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் குக்கர் செய்யத் தொடங்கியது. மனைவியை நேசிப்பவர் பிரெஸ்டீஜை எப்படி மறுப்பார் என்று கேட்டது அதன் புகழ்பெற்ற இந்தி விளம்பரம். சமைப்பவள் மனைவி, வாங்கித் தருபவர் கணவர் என்பதில் விளம்பரத்துக்குச் சந்தேகமே இல்லை. 2016இல் அதே டிடிகே பிரெஸ்டீஜ், 1896இல் தொடங்கிய ஹார்வுட் என்ற பிரிட்டிஷ் சமையல் பாத்திரக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. ஆண்ட நாட்டின் பழைய பிராண்டை ஆளப்பட்ட நாடு வாங்கியதில் ஒரு சிறு திருப்தி இருக்கலாம். ஆனால் முதலாளியின் தேசம் மாறியதால் சமையலறையில் நிற்பவர் மாறிவிட்டாரா?

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. பர்லி பாத்திரங்கள் செய்யப்படும் மிடில்போர்ட் தொழிற்சாலை 1888இல் கட்டியது. மூடும் நிலைக்கு வந்தபோது 2011இல் ஓர் அறக்கட்டளை கட்டடத்தை வாங்கிக் காப்பாற்றியது. மெல்லிய தாளில் அச்சிட்ட சித்திரத்தைக் கையால் பாத்திரத்தின் வளைவில் ஒட்டித் தேய்த்து இறக்கும் பழைய முறை அங்கே இன்றும் நடக்கிறது. பல தலைமுறைகளாகப் பெண்கள் கைமாற்றி வந்த தொழில் அது. பெயரைக் காப்பாற்றுவதற்கும் தொழிலைக் காப்பாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மரபு தொடர்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த வேலை தெரிந்த ஒருவர் அதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றவர் அதை வைத்துப் பிழைக்கவும் முடிய வேண்டும்.

“இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தத் தட்டில் எப்படிச் சாப்பிடுவது?” என்று ஒரு மாணவி கேட்கலாம். இரண்டு பதில்கள் எளிதாகக் கிடைக்கும். ‘அது பழங்கதை, தட்டு என்ன செய்யும்?’ என்பது ஒன்று. ‘கறைபட்ட பொருள், தொடாதே’ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. முதல் பதில் அந்தப் பெண்களை மறக்கச் சொல்கிறது. இரண்டாவது பதில் அவர்களை மதிப்பதுபோல் தோன்றினாலும், அவர்கள் கையால் செய்த அழகையே குப்பையில் போடுகிறது. கைத்தாங்கி இல்லாமல் அந்தப் பொன்கோட்டை நேராக இழுத்தவளுக்கு நாம் காட்டும் மரியாதை அதுவல்ல. அவள் கூலிக்காகத்தான் வரைந்தாள். ஆனாலும் அந்தக் கோடு சரியாக வந்தபோது அவளுக்குள் ஒரு நிறைவு இருந்திருக்கும். அந்த நிறைவு முதலாளிக்குச் சொந்தமில்லை.

எனவே நன்றி இருக்கட்டும். அதன் முகவரியை மாற்றுவோம். ஈயத்தில் கை நனைத்தவர்களுக்கு இனி நாம் எதையும் திருப்பித் தர முடியாது. அந்தக் கடனை உயிரோடிருக்கும் கைகளிடம்தான் அடைக்க முடியும். இந்தோனேசியாவில் அதே முத்திரையின் கீழ் வேலை செய்பவர்களுக்கும், மலையகத்தில் கூலி உயர்வு கேட்டு நிற்பவர்களுக்கும், மிடில்போர்ட்டில் தாள் ஒட்டக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. நம் வீட்டுத் தொட்டியடியில் நிற்பவருக்கும் உண்டு. அவர் அம்மாவாக இருக்கலாம், வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம், நாமேயாகவும் இருக்கலாம்.

அலமாரியில் பூட்டி வைத்த நல்ல கோப்பையை வெளியே எடுங்கள். கழுவுபவரே முதலில் அதில் குடிக்கட்டும். அதில் சாப்பிடும் ஆண்கள் எழுந்து போய்க் கழுவக் கற்கட்டும், உடைந்தால் உடையட்டும். கழுவித் துடைக்கும்போது ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளியோ கோடோ இருந்தால், அதுவும் ஒரு கையெழுத்துதான்.